தலைகீழ் வகுப்பறையும் தோட்டப் பாடசாலைகளும்: வீட்டில் நடக்க வேண்டிய பாதியை எங்கே வைப்பது?

விஞ்ஞான ஆசிரியை, பொகவந்தலாவை (இழையைத் தொடங்கியவர்)

ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

அண்மைக் காலச் சேவைக்காலப் பயிற்சிகளில் தலைகீழ் வகுப்பறை பற்றி அடிக்கடி பேசப்படுகிறது. ஆசிரியர் வகுப்பில் நின்று விளக்கும் பகுதியைச் சிறு காணொளியாகப் பதிந்து முன்னரே கொடுத்துவிட வேண்டும்; மாணவர் அதை வீட்டில் பார்த்துக் குறிப்பெடுத்து வர வேண்டும்; இதுவரை வீட்டுவேலையாக இருந்த பயிற்சியையும் கலந்துரையாடலையும் வகுப்பறையில் ஆசிரியரின் துணையோடு செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், நுவரெலியாவைவிட உயரத்தில் அமைந்த வூட்லன்ட் பார்க் என்னும் மலையூரில், ஜொனதன் பேர்க்மன், ஆரன் சாம்ஸ் என்னும் இரு இரசாயன ஆசிரியர்கள் 2007இல் இதைத் தொடங்கினார்கள். விளையாட்டுப் போட்டிகளுக்காகத் தொலைதூரம் பயணம் செய்து பாடங்களைத் தவறவிட்ட மாணவருக்காகத்தான் அவர்கள் முதலில் பாடங்களைப் பதிவு செய்தார்கள். விளக்கத்தை வகுப்புக்கு வெளியே நகர்த்தும் எண்ணம் அதற்கும் முந்தியது. ஹாவட் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலேயே மாணவரை முன்னதாக வாசித்து வரச் செய்து, விரிவுரை நேரத்தைக் கேள்விகளுக்கும் மாணவர் தமக்குள் விவாதிப்பதற்கும் ஒதுக்கியிருந்தார்.

தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 10, 11 மாணவருக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கு இம்முறையில் உண்மையான ஈடுபாடு உண்டு. 40 நிமிடப் பாடவேளையில் வரவு எடுத்து, முந்திய பாடத்தை நினைவூட்டி, புதிய விடயத்தை விளக்கிக் குறிப்புச் சொல்லி முடிக்கும்போது மணி அடித்துவிடுகிறது. இடப்பெயர்ச்சி-நேர வரைபின் படித்திறனை (சாய்வை) கண்டு அது எதைக் குறிக்கிறது என்று சிந்திக்க வேண்டிய இடம் வீட்டுவேலையாகப் போய்விடுகிறது. அந்த வீட்டில் அதை விளக்கக்கூடியவர் பெரும்பாலும் எவரும் இல்லை. கற்றலின் எளிய பகுதி ஆசிரியர் இருக்கும் இடத்திலும், கடினமான பகுதி உதவிக்கு ஆளில்லாத இடத்திலும் நடைபெறுகின்றன. இதைப் புரட்டிப் போட வேண்டிய தேவை கொழும்புப் பாடசாலைக்கு இருப்பதைவிட எங்களுக்குத்தான் அதிகம் என்று கருதுகிறேன்.

ஆனால் புரட்டிய பிறகு வீட்டின் பக்கம் விழும் பாதிக்குக் கைபேசி வேண்டும், டேட்டா வேண்டும், சமிக்ஞை வேண்டும், அமைதியான ஒரு மூலையும் வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் இவை ஒருங்கே கிடைப்பது அரிது. அனுபவமுள்ளவர்கள் வழி கூறுமாறு வேண்டுகிறேன்.

கணித ஆசிரியர், தலவாக்கலை

ஆசிரியை அவர்கள் சொன்னது சரி. நான் தரம் 9 வகுப்பில் காரணிப்படுத்தலை இம்முறையில் கற்பித்து வருகிறேன். ஒளிப்பதிவுக்கூடமோ ஸ்மார்ட் போர்டோ இதற்குத் தேவையில்லை. புத்தக அடுக்கின் மேல் கைபேசியைக் கிடையாக வைத்து, அதன் கீழே பயிற்சிப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே பேசினால் போதும்; என் கையும் பேனாவும் குரலும் மட்டுமே பதிவாகும். ஒரு காணொளி ஆறு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். எட்எக்ஸ் இணையக் கல்வித் தளத்தில் 69 இலட்சம் காணொளி அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, காணொளி எவ்வளவு நீளமானதாக இருந்தாலும் கற்போரின் கவனம் நடுத்தர அளவில் ஆறு நிமிடத்துக்கு மேல் நீடிப்பதில்லை என்று கண்டது. வளர்ந்தவர்களுக்கே அப்படியென்றால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு நாம் முப்பது நிமிடக் காணொளியை அனுப்புவதில் பயனில்லை.

காணொளியோடு மூன்று வினாக்கள் கொண்ட ஒரு துண்டுச் சீட்டையும் கொடுக்கிறேன். மறுநாள் வாசலில் நின்று அந்தச் சீட்டுகளைப் பெற்று, பாடம் தொடங்கும் முன்னரே ஒருமுறை கண்ணோட்டம் விடுவேன். எந்த வரிசையில் யார் தடுமாறுகிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். வகுப்பில் கையை உயர்த்தி "சேர், இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்கத் தயங்கும் பிள்ளைகள், காணொளியைப் பின்னோக்கி நகர்த்தித் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். தென்மேல் பருவமழையில் பாதை உடைந்து பாடசாலைக்கு வர முடியாத பிள்ளைக்கும் பாடம் தவறுவதில்லை.

ஒரு விடயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். காணொளியைப் பார்க்காமல் வந்தவர்களுக்காக ஆசிரியர் முழு வகுப்பையும் நிறுத்தி மறுபடி விளக்கத் தொடங்கினால், அடுத்த கிழமையிலிருந்து எவரும் பார்த்து வரமாட்டார்கள்.

ஒரு தாய், நோர்வூட்

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் நான் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் தரம் 10இல் படிக்கிறாள்.

சேர் அவர்கள் காணொளியைப் பார்க்காமல் வருபவர்களைப் பற்றிச் சொன்னது எனக்கு வேதனையாக இருந்தது. எங்கள் வீட்டில் இணையத்தோடு கூடிய கைபேசி ஒன்றுதான் உண்டு. அது என் கணவரிடம் இருக்கிறது, அவர் கொழும்பில் வேலை செய்கிறார். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு, அவர் ஊருக்கு வந்திருந்த காலத்தில் மட்டுமே என் மகள் வகுப்புகளைப் பார்த்தாள். அதற்கும் லயத்துக்கு மேலேயுள்ள தேயிலை மலையில் ஏறி நின்றால்தான் சமிக்ஞை கிடைத்தது. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. வேலை கிடைத்த நாளுக்கு மட்டும் வரும் அந்தப் பணத்தில் டேட்டாவுக்கு ஒதுக்குவதா, அரிசிக்கு ஒதுக்குவதா என்று நாங்கள் யோசித்த நாட்கள் உண்டு.

பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு நான் வீடு திரும்ப மாலையாகிவிடும். அதுவரை தம்பி தங்கைகளைப் பார்ப்பதும் தண்ணீர் எடுப்பதும் மகளின் பொறுப்பாகவே இருக்கின்றன. சோம்பலால் அவள் பாடத்தை விடவில்லை என்பதை நீங்கள் அறிய வேண்டும். இரவில் கைபேசியோடு தனியாக இருப்பதைக் கண்காணிக்க எனக்குத் தெரியாது என்ற அச்சமும் எனக்கு உண்டு.

பாடசாலை முடிந்த பிறகு பிள்ளைகளை அங்கேயே வைத்துக் காட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். மழைக்கால மாலையில், மூடுபனி இறங்கிய பிறகு, தேயிலை மலை வழியே ஒரு பெண்பிள்ளை தனியே நடந்து வருவதற்கு எந்தத் தாயும் சம்மதிக்கமாட்டாள். பாடசாலை நேரத்துக்குள்ளேயே செய்ய வழி உண்டென்றால் அதைச் செய்யுங்கள், டீச்சர்.

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர், அப்புத்தளை

நோர்வூட்டிலிருந்து எழுதிய தாய் விவாதத்தைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்துள்ளார். இந்த நாட்டில் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் பல தசாப்தங்கள் தோட்ட நிர்வாகங்களின் கைகளிலேயே இருந்து, 1970களில்தான் அரசின் பொறுப்புக்கு வந்தன. பிந்திப் புறப்பட்ட பிள்ளைக்கு, வீட்டில் வசதி உண்டு என்று எடுத்துக்கொண்டு வரும் ஒவ்வொரு புதிய முறையும் இடைவெளியை மேலும் அகலப்படுத்தும்.

இது என் ஊகம் மட்டுமன்று. அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியில் கணிதம், பொருளியல் ஆகிய இரு பாடங்களிலும் எழுமாற்றாகப் பிரித்த வகுப்புகளைக் கொண்டு தலைகீழ் முறை பரிசோதிக்கப்பட்டது. கணிதத்தில் குறுகிய கால முன்னேற்றம் தென்பட்டது, ஆனால் இறுதிப் பரீட்சை வரை அது நிலைக்கவில்லை. பொருளியலில் பயன் எதுவும் தெரியவில்லை. கிடைத்த பயனும் ஏற்கனவே முன்னணியில் இருந்தோருக்கே கூடுதலாகச் சேர்ந்ததால் மாணவரிடையேயான இடைவெளி பெருகியது. அங்கே எல்லா மாணவரும் ஒரே வளாகத்தில் ஒரே வகையான வசதியோடு வாழ்பவர்கள் என்பதைக் கவனியுங்கள். கருவியும் இணையமும் சமமாக இருந்த இடத்திலேயே அப்படியென்றால், கைபேசிகளை வாங்கிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவதற்கில்லை.

ஆயினும் இம்முறையைக் கைவிடச் சொல்லமாட்டேன். இதில் உயிரானது காணொளி அன்று. மீட்டெடுக்கப்பட்ட வகுப்பு நேரத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதே. மசூர் செய்ததைப் பாருங்கள். கணக்கீடு அதிகம் தேவைப்படாத, ஆனால் கருத்தைச் சோதிக்கும் ஒரு பல்தேர்வு வினாவை முன்வைப்பார். ஒவ்வொருவரும் பேசாமல் சிந்தித்து விடையைத் தெரிவு செய்வர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரையானோர் சரியாகச் சொல்லியிருந்தால், அருகிலிருப்பவரோடு விவாதித்து அவரை இணங்கச் செய்யுமாறு கூறிவிட்டு மீண்டும் வாக்கெடுப்பார். மிகச் சிலரே சரியாகச் சொன்னால் அந்தக் கருத்தைத் தாமே மறுபடி விளக்குவார். இதற்கு மின்னணுக் கருவி தேவையில்லை. அ, ஆ, இ, ஈ என்று எழுதிய நான்கு அட்டைகளைப் பழைய நாட்காட்டித் தாளில் வெட்டிக் கொடுத்தால் போதும்.

மேல்நோக்கி எறியப்பட்ட கல் உச்சியை அடையும் கணத்தில் அதன் ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) பூச்சியமா என்று கேளுங்கள். வேகம் பூச்சியமாக இருப்பதால் ஆர்முடுகலும் பூச்சியமே என்று பெரும்பாலானோர் அட்டை உயர்த்துவர். அந்த இடத்தில் எழும் விவாதத்தை எந்தக் குறிப்பாலும் உண்டாக்க முடியாது. 2007இல் தேர்ச்சிமையக் கலைத்திட்டத்தோடு வந்த ஆசிரியர் வழிகாட்டிகள்கூட, ஆசிரியர் விளக்குவதற்கு முன் மாணவர் தாமே ஆராய வேண்டும் என்றுதான் சொல்லின. பரீட்சைக்குப் பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் நாம் அந்தப் படியைத் தாண்டிப் போய்விட்டோம்.

தகவல் தொழில்நுட்ப ஆசிரியர், புசல்லாவை

கருவிகள் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இணையம் இல்லாமலே இதை நடத்தலாம். பேர்க்மனும் சாம்ஸும்கூட இணைய வசதியற்ற மாணவருக்குத் தமது பாடங்களை டிவிடியிலும் பென்டிரைவிலும் கொடுத்தார்கள். இன்று கோலிப்ரி என்னும் இலவச மென்பொருளை ரஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் நிறுவினால், இணைய இணைப்பே இல்லாத பாடசாலையிலும் அது ஒரு வைஃபை வலையமைப்பாக இயங்கி, அறையிலுள்ள கருவிகளுக்குப் பாடங்களை வழங்கும். நல்ல பவர் பேங்க் ஒன்றே அதற்கு மின்சாரம் கொடுத்துவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அப்படியொரு காலத்திலும் நின்றுவிடாத ஏற்பாட்டையே நான் விரும்புகிறேன். எங்கள் மலைகளின் ஈரப்பதனில் புரொஜெக்டர் வில்லைகளில் பூஞ்சணம் பிடித்துவிடுகிறது என்பதையும், அதைத் திருத்துவதற்கு நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆனால் இதைவிட எளிய வழி ஒன்று உண்டு, அதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். ஆறு நிமிடக் காணொளியை செக்கனுக்கு 300 கிலோபிட் என்ற குறைந்த தரத்தில் சுருக்கினாலும் ஏறத்தாழ 13.5 மெகாபைட் வரும். அதே ஆறு நிமிட விளக்கத்தை வெறும் குரலாக, 32 கிலோபிட் அளவில் பதிந்தால் 1.5 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பட்டன் கைபேசிகள் பலவற்றில்கூட மெமரி கார்டு போட்டு அதைக் கேட்கலாம். பென்டிரைவ் செருகும் சிறு ஒலிபெருக்கி ஒன்று இருந்தால் முழு வகுப்புமே கேட்கலாம். படத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். 1980 முதல் அரசு இலவசமாக வழங்கிவரும் பாடநூல் ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் இருக்கிறது. "பாடநூலில் இந்தப் பக்கத்தைத் திறவுங்கள், இரண்டாவது வரைபின் மேல் விரலை வையுங்கள், இப்போது கோடு எங்கே வளைகிறது என்று பாருங்கள்" என்று ஆசிரியரின் குரல் வழிநடத்தினால், அந்தப் படம் திரையில் ஓடும் படத்தைவிடக் குறைந்ததன்று. கேட்டு முடிக்கும் வரை பிள்ளையின் விரலும் கண்ணும் வேலை செய்துகொண்டிருக்கும்.

பல்கலைக்கழக மாணவி, மஸ்கெலியா

ஆசிரியர்கள் காணொளியை அல்லது குரலைத் தாங்களே பதிய வேண்டும் என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். உயர்தரத்தில் பௌதிகம் படித்த காலத்தில் எங்கள் பாடசாலையில் அப்பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கவில்லை. யூடியூப்பில் கிடைத்த தமிழ்ப் பாடங்களையே நம்பியிருந்தேன். அவற்றுள் பெரும்பாலானவை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்குரியவை, மிகச் சிறந்தவையும்கூட. ஆனால் நாம் கதி என்று படிப்பதை அங்கே வேகம் என்கிறார்கள். நாம் வேகம் என்பதை அவர்கள் திசைவேகம் என்கிறார்கள். ஆர்முடுகலை முடுக்கம் என்கிறார்கள். முடுக்கத்தை ஊகித்துக்கொள்ளலாம். வேகம் என்ற ஒரே சொல் இரு வேறு கணியங்களைக் குறிக்கும்போது, பரீட்சைத் தாளில் வரைவிலக்கணம் எழுதும் பிள்ளை திசையுள்ள காவிக் கணியத்தையும் திசையற்ற எண்ணிக் கணியத்தையும் மாற்றி எழுதிவிடும். உயர்தர மாணவரால் இதைச் சமாளிக்க முடியும்; தரம் 10இல் முதன்முறையாகக் கேட்கும் பிள்ளையால் முடியாது.

விஞ்ஞான ஆசிரியை, பொகவந்தலாவை

அனைவருக்கும் நன்றி. நோர்வூட் அம்மாவின் பதிவை வாசித்த பிறகு, வீட்டுக்கு அனுப்பும் எண்ணத்தை முற்றாக விட்டுவிட்டேன். அந்தப் பாதியும் காலை 7.30க்கும் பிற்பகல் 1.30க்கும் இடையிலேயே நடைபெற வேண்டும்.

அதற்கான நேரம் எங்கே இருக்கிறது என்று நேரசூசியை எடுத்து வைத்துப் பார்த்தேன். வேறொரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லாததாலும், தொலைவிலிருந்து வரும் ஆசிரியர்களின் பஸ் தாமதமாவதாலும், மாணவர் வெறுமனே அமர்ந்திருக்கும் பாடவேளைகள் என் தரம் 10 வகுப்புக்குக் கிழமைதோறும் இருக்கின்றன. மலையகப் பாடசாலைகளில் பணியாற்றும் எவருக்கும் இது புதிய செய்தி அன்று. வீட்டுப் பாதியை வைக்க வேண்டிய இடம் அந்த வெறும் பாடவேளையே என்று எனக்குத் தோன்றுகிறது. மாணவத் தலைவர் ஒலிபெருக்கியை இயக்குவார்; மாணவர் பாடநூலைத் திறந்து வைத்து எனது குரலைக் கேட்பர்; தலவாக்கலை ஆசிரியர் கூறிய மூன்று வினாச் சீட்டை எழுதி ஆசிரியர் அறையில் சேர்ப்பர். எனது பாடவேளை அட்டைகளோடும் வினாவோடும் தொடங்கும். ஒருவர் பார்த்து வந்தார், மற்றவர் பார்க்காமல் வந்தார் என்ற பிரிவே அப்போது எழாது. அன்று வராத பிள்ளைக்கு மட்டும் அதே பதிவை இடைவேளையில் கேட்கச் செய்யலாம்.

நேர்கோட்டு இயக்கம் அலகை இவ்வாறு தொடங்க விரும்புகிறேன். தூரத்துக்கும் இடப்பெயர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. எதிர் மலையில் கண்ணுக்கெதிரே தெரியும் லயத்துக்குப் பாதை வளைந்து வளைந்து எவ்வளவு தூரம் போகிறது என்பது நாள்தோறும் அவர்கள் நடந்து அறிந்த விடயம். அதை வினாவாக்கினால் போதுமானது.

கணித ஆசிரியர், தலவாக்கலை

அம்மாவின் பதிவுக்குப் பிறகு என் கண்டிப்பை அப்படியே வலியுறுத்த விரும்பவில்லை. பேர்க்மனும் சாம்ஸும்கூடப் பார்க்காமல் வந்தவர்களை வகுப்பின் ஒரு பக்கத்திலிருந்து பார்க்க அனுமதித்தார்கள். ஆனால் வெறும் பாடவேளை பற்றிய திட்டத்தில் எனக்குக் கடுமையான தயக்கம் உண்டு. ஒலிபெருக்கி ஆசிரியரின் இடத்தை நிரப்பிவிட்டது என்று எவராவது கருதினால், அந்த வெற்றிடத்துக்கு ஆசிரியரை நியமிக்குமாறு நாம் கேட்கும் குரல் பலவீனமாகிவிடும். வகுப்பு அமைதியாக இருக்கிறது என்பதே குறை தீர்ந்துவிட்டதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளப்படும். மலையகத்தில் தமிழ்மொழி மூல விஞ்ஞான, கணித ஆசிரியருக்கான தேவை இன்னும் தீரவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர், அப்புத்தளை

தலவாக்கலை ஆசிரியரின் தயக்கம் மிகவும் நியாயமானது. ஆகவே வகுப்புப் பதிவேட்டில் அந்தப் பாடவேளைக்கு நேரே "விஞ்ஞானம்" என்று எழுதாதீர்கள். உரிய பாடத்தின் பெயரை எழுதி, ஆசிரியர் இல்லை என்று குறித்து, அதிபரின் கையொப்பத்தைப் பெறுங்கள். தவணை முடிவில் அந்தப் பக்கங்களின் பிரதியை வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பும் கடிதத்தோடு இணைக்கலாம். இன்று அந்த நேரம் எந்தப் பதிவுமின்றி வீணாகிறது. இனி வெற்றிடம் எழுத்தில் இருக்கும், பிள்ளையும் அதற்குள் எதையாவது கற்றிருக்கும். அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் வந்துவிட்டால் நீங்கள் உடனே விலகிக்கொள்ள வேண்டும் என்பதையும் இப்போதே அதிபரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

விஞ்ஞான ஆசிரியை, பொகவந்தலாவை

அவ்வாறே செய்கிறேன், ஐயா. அடுத்த தவணையில் இந்த ஓர் அலகை மட்டும் நடத்தி, சீட்டுகளில் மாணவர் எழுதிய விடைகளை இங்கே பகிர்வேன். கதி, வேகம், ஆர்முடுகல் ஆகிய மூன்றுக்கும் கருத்தைச் சோதிக்கும் பல்தேர்வு வினாக்கள் எவரிடமாவது இருந்தால் இந்த இழையில் இடுமாறு கேட்டுக்கொள்கிறேன். புசல்லாவை ஆசிரியர், குரலை 32 கிலோபிட்டுக்குச் சுருக்குவதற்குக் கைபேசியிலேயே இயங்கும் செயலி ஒன்றைக் கூறினால் உதவியாக இருக்கும். பாடசாலைக் கணினி தற்போது இயங்கும் நிலையில் இல்லை.